கறிவேப்பிலைக்குக் காசு வாங்காத ராப்பர்

(காலை ஏழு மணி. தெருமுனைக் காய்கறிக் கடை. ஹெட்போனும் தலையாட்டலுமாக வந்த தம்பி, நேராகக் கறிவேப்பிலைக் கட்டில் கை வைக்கிறான்.)

அக்கா: கையை எடு. காய் வாங்கினால்தான் கொசுறு. சும்மா வந்து உருவிக்கொண்டு போக இது என்ன உன் மாமியார் வீட்டுக் கொல்லையா?

தம்பி: அக்கா, சிகாகோவில் ஒருத்தர் கொசுறை மட்டுமே கொடுத்துப் பெரிய ஆளானார், தெரியுமா? சான்ஸ் தி ராப்பர் என்று ஒரு பாடகர்.

அக்கா: சான்ஸ் கேட்டு அலைகிறவரா? நம்ம தெருவிலும் ஒருத்தன் அப்படித்தான் கோடம்பாக்கம் போனான். அவன் கணக்கில் இன்னும் முந்நூறு ரூபாய் நிற்கிறது.

தம்பி: பேர்தான் சான்ஸ். யாரிடமும் போய்ச் சான்ஸ் கேட்கவில்லை. பாட்டுக் கம்பெனிகள் தேடி வந்தும் கையெழுத்துப் போடாமல், பாட்டை எல்லாம் இணையத்தில் இலவசமாகவே விட்டார். பள்ளியில் படிக்கும்போது கஞ்சாவோடு மாட்டிப் பத்து நாள் வெளியே நிறுத்திவிட்டார்கள், அந்தப் பத்து நாளில் ஆரம்பித்த பாட்டுகளைத்தான் 2012-ல் ‘10 டே’ என்று முதல் தொகுப்பாக வெளியிட்டார்.

அக்கா: இந்தப் பகுதியை உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே. பாடக் கற்றது எங்கே?

தம்பி: லைப்ரரியில்.

அக்கா: லைப்ரரியிலா? இங்கே இருமினாலே முறைப்பார்கள்.

தம்பி: அங்கே ஊர்ப் பொது நூலகத்திலேயே பள்ளிப் பிள்ளைகள் பாட்டுப் பதிவு செய்ய, மைக் பிடித்துப் பாட என்று தனி இடம் இருக்கிறது, இவர் அங்கே வளர்ந்த பிள்ளை. பாட்டிலும் பெரிய பந்தா இருக்காது அக்கா. பாட்டி, அப்பா, சர்ச் கூட்டுப் பாட்டு, கோடை வந்தாலே துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயப்படும் தெரு, எல்லாம் அவர் வீட்டையும் ஊரையும் பற்றித்தான். நம்ம பஜனையில் பத்துப் பேர் சேர்ந்து பாடும்போது ஒரு பையன் மட்டும் இடையில் படபடவென்று பேசினால் எப்படி இருக்கும், அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா: அந்தப் பையனைப் பிரசாதம் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். அது கிடக்கட்டும், எல்லாம் கொசுறு என்றால் கத்தரிக்காய் எது? சோறு எதில் வருகிறது?

தம்பி: கச்சேரி டிக்கெட்டில். அப்புறம் தொப்பியில். முன்னால் ‘3’ என்று போட்ட தொப்பி, எப்போதும் தலையில் இருக்கும், அதையே விற்கவும் செய்தார்.

அக்கா: அப்படிச் சொல்லு, கறிவேப்பிலையைக் காட்டிக் கத்தரிக்காய் விற்றிருக்கிறார். இதை நான் இருபது வருஷமாகச் செய்கிறேன், என்னை எந்தப் பேப்பரிலும் போடவில்லை.

தம்பி: உங்களுக்கு கிராமி இசை விருதும் கிடைக்கவில்லையே! 2016-ல் வந்த ‘கலரிங் புக்’ பாட்டுத் தொகுப்பைக் கடையில் விற்கவே இல்லை, இணையத்தில் கேட்டதோடு சரி. அப்படிக் கேட்டதை வைத்தே அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுத் தொகுப்புப் பட்டியலில் எட்டாவது இடம், அதுவரை யாருக்கும் நடக்காதது. விற்பனைக்கு வராததற்கு கிராமி இல்லை என்று இருந்த விதியையும் அந்த வருஷம் மாற்றினார்கள், 2017-ல் இவருக்கு மூன்று விருது.

அக்கா: கம்பெனி பக்கமே போகாமலா?

தம்பி: அது… ஆப்பிள்காரர்கள் 5 லட்சம் டாலர் கொடுத்தார்கள். முதல் இரண்டு வாரம் அவர்களிடம் மட்டும் பாட்டு இருக்கும் என்று பேச்சு. ஆனால் பாட்டு இவருடையதுதான்.

அக்கா: சரி, கடையை விற்கவில்லை, வாசலில் இரண்டு வாரம் பேனர் கட்ட வாடகை வாங்கியிருக்கிறார். விவரமான பிள்ளை.

தம்பி: அதே வருஷம் சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் பெரிய கச்சேரி வைத்தார். பிளாக்கில் விற்கிறவர்கள் டிக்கெட்டை அள்ளிவிட்டார்கள். இவர் கிட்டத்தட்ட 2000 டிக்கெட்டை அவர்களிடமிருந்து தானே வாங்கி ரசிகர்களுக்கு மறுபடி விற்றார்.

அக்கா: தன் கத்தரிக்காயைத் தானே புரோக்கரிடம் வாங்கினாரா? விவரமான பிள்ளை என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

தம்பி: மறு வருஷம் ஊர் அரசுப் பள்ளிகளுக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தார்.

அக்கா: பத்து நாள் வெளியே நிறுத்தினதற்கா? நல்ல மனசு. அதற்கப்புறம் எப்படிப் போனது?

தம்பி: 2019-ல்தான் முதல் தடவையாக ‘ஆல்பம்’ என்று பெயர் சொல்லி, விலைக்கே ஒன்று வெளியிட்டார். ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். அதற்காக வைத்திருந்த கச்சேரிச் சுற்றுப்பயணத்தையும் ரத்து செய்ய வேண்டியதாகிவிட்டது. நானும் கேட்டேன், கொஞ்சம் நீளம்தான்.

அக்கா: அப்படித்தான் ஆகும். சும்மா கொடுத்தபோது மணக்கிற கறிவேப்பிலை, விலை சொன்னதும் பூச்சி தெரியும்.

தம்பி: அக்கா, நானும் முடிவு பண்ணிவிட்டேன். இலவசமாகப் பாட்டு விடப் போகிறேன்.

அக்கா: விடு. உன்னிடம் கத்தரிக்காய் எது?

தம்பி: …தொப்பி அச்சடிக்கலாம்.

அக்கா: முதலில் பாடு, கேட்போம். மண்ணும் மனுஷனுமாக இருக்கட்டும், இந்தக் கடையைப் பற்றியே பாடு.

தம்பி: (சத்தமாக) “தக்காளி பதினைந்து! தராசில் மனம் பதிந்து! அக்கா நிற்கிறாள் பார் வெயிலில் முகம் கரிந்து!”

(எதிர் வீட்டு ஜன்னல் திறக்கிறது. பால் வாங்கப் போன இரண்டு பேர் திரும்பி வருகிறார்கள். ஒருவர் கையில் கட்டைப் பை.)

தம்பி: பார்த்தீர்களா? முதல் பாட்டுக்கே கூட்டம்!

அக்கா: கூட்டம் பாட்டுக்கு வரவில்லையடா, பதினைந்துக்கு வருகிறது! தக்காளி கிலோ நாற்பது ரூபாய்!

தம்பி: நாற்பதுக்கு இயைபு கிடைக்கவில்லை அக்கா.

அக்கா: “தக்காளி நாற்பது, அக்கா நியாயமாய் விற்பது, வாய்க்கு வந்ததைப் பாடிவிட்டு நீ என்ன இங்கே நிற்பது?” எடு பையை, வந்தவர்களுக்கு நீயே போடு. கிலோவுக்கு இருபத்தைந்து உன் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.