தண்ணீர் தெளித்த இலை

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையின் அசனத்தில், அதாவது எல்லோரும் சேர்ந்து உண்ணும் சபை விருந்தில், நடந்ததைப் பற்றி எழுதவே கூடாது என்று மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். எங்கள் சேகரத்து (சபை வட்டாரத்து) வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரியும், திரும்ப முழுதாகச் சொல்ல மனசும் இல்லை. ஆனால் நேற்று ராத்திரி ஒருவர், "ஒரு இலைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று போட்டார். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். அதைப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை.

ஆமாம், ஒரு இலைக்குத்தான்.

எங்கள் கோயிலை, அதாவது சபை ஆலயத்தை, கூட்டும் அக்கா ஒரு வரிசையில், நான் அதற்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்த அக்கா இலையில் தண்ணீர் தெளித்து, புறங்கையால் வழித்துத் துடைத்து, உப்பும் வாங்கிவிட்டார். சோற்று வாளி நாலு இலை தள்ளி வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் கமிட்டியில் இருக்கும் ஒருவர் வந்து, "எக்கா, கொஞ்சம் எந்திரிங்க, கெஸ்ட் வந்திருக்காவ, அடுத்த பந்தியில பாத்துக்கிடலாம்" என்றார். குரலை உயர்த்தவில்லை, திட்டவில்லை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். அக்காவும் மறுபேச்சுப் பேசவில்லை. எழுந்தவர் இலையை அப்படியே விட்டுப் போகவில்லை. உப்பு சிந்தாமல் நாலாக மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். "தண்ணி தெளிச்சிட்டேம்லா, இதுல இன்னொருத்தருக்குப் போடக் கூடாது" என்றார்.

அந்தக் கூடத்தைக் காலை நாலு மணிக்குக் கூட்டிப் பெருக்கியது அவர். பாய் விரித்ததும் அவர். இவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். நானும் எழுந்திருக்கவில்லை. "அக்கா, இங்கே வாங்க, என் இடத்துல உக்காருங்க" என்று சொல்ல எனக்கு எத்தனை வினாடி ஆகும்? சொல்லவில்லை. சோறு வந்தது, சாப்பிட்டேன். அது இன்னும் தொண்டையில் நிற்கிறது.

பந்தி நடந்த இடத்துக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரில் என்ன எழுதியிருந்தது என்று நினைவிருக்கிறதா? வேதாகமத்தில் ஆதி சபையைப் பற்றிச் சொல்லும் அப்போஸ்தலர் 2:46. "மகிழ்ச்சியோடும் கபடமில்லாத இருதயத்தோடும் போஜனம்பண்ணி." காலை ஆராதனையில் பிரசங்கமும் அதே பகுதிதான். ஆதித்திருச்சபை எப்படி ஒருமனமாய் இருந்தது, எல்லாவற்றையும் எப்படிப் பொதுவாய் வைத்து அனுபவித்தார்கள் என்று முக்கால் மணி நேரம் கேட்டோம். நல்ல பிரசங்கம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது மதியம் ஒரு மணி வரைகூட நிற்கவில்லையே.

ஆதி சபையிலிருந்து நாம் எதை எடுத்துக்கொள்கிறோம்? அந்நிய பாஷை, அற்புதம், ஒரே நாளில் மூவாயிரம் பேர் சேர்ந்தது, இதையெல்லாம் எடுத்துக்கொள்கிறோம். சாப்பாட்டை மட்டும் விட்டுவிடுகிறோம். அவர்களுக்கோ சாப்பாடுதான் உரைகல். புதிய ஏற்பாட்டில் சபைக்குள் வரும் சண்டைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள், பாதிக்குப் பாதி பந்தியில் போய் நிற்கும்.

கிரேக்க நகரமான கொரிந்துவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சபை கூடியது வீடுகளில். வசதியுள்ள ரோமர் வீட்டுச் சாப்பாட்டு அறையில் சாய்ந்து உட்கார ஒன்பது பேருக்குத்தான் சௌகரியமாக இடம் இருக்கும், மற்றவர்கள் முற்றத்தில். வேலை முடித்து வரும் அடிமையும் கூலிக்காரனும் வந்து சேர்வதற்குள் முந்தி வந்தவர்கள் சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் குடித்து வெறியாயிருக்கிறான். அப்போஸ்தலர் பவுல் அதற்கு என்ன எழுதினார்? பந்தி ஒழுங்கைச் சரிசெய்யுங்கள் என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தவில்லை. நீங்கள் செய்வது கர்த்தருடைய இராப்போஜனமே (இயேசுவை நினைத்து அப்பமும் திராட்சரசமும் பகிரும் பந்தியே) இல்லை என்றார். "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்று கேட்டார். அப்பமும் பாத்திரமும் சரியாக இருந்தது, ஜெபமும் நடந்திருக்கும். ஒருவரை வெட்கப்படுத்தியதால் அது கர்த்தருடைய பந்தியாக இல்லாமல் போய்விட்டது. 1 கொரிந்தியர் 11. நற்கருணைக்கு முன்னால் நாம் மாதாமாதம் வாசிக்கிற அதிகாரம்தான். நாம் 23-ஆம் வசனத்தில் தொடங்குவோம், அதற்கு மேலே இருக்கிற மூன்று வசனம் நமக்கு எதற்கு?

புதிய ஏற்பாட்டில் யாக்கோபு நிருபத்தில் (கடிதத்தில்) ஒரு இடம். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் நின்று கவனிக்கச் சொல்வேன். பொன்மோதிரம் போட்டவன் வருகிறான், அவனிடம் "ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்." கந்தை உடுத்தவன் வருகிறான், அவனிடம் "நீ அங்கே நில்லு." நம் தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்களுக்கு நம் ஊர் தெரிந்திருக்கிறது. ஒருவனுக்கு நீர், இன்னொருவனுக்கு நீ. போன வருஷம் என் வகுப்பில் இதை மனப்பாடம் செய்து ஒப்பித்த ஒரு பையன், ஞாயிறு சாயங்காலம் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னிடம் வந்து, "சார், அந்தப் பாட்டிய ஏன் எழுப்புனாவ?" என்று கேட்டான். பதில் சொல்லாமல் வீட்டுக்குள் போய்விட்டேன்.

இனி, இதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் எனக்கு வந்த பதில்களுக்கு வருகிறேன்.

"அசனத்துக்குப் பெரிய தொகை கொடுத்தவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டாமா?" செய்யுங்கள். கை குலுக்குங்கள், வாசல் வரை போய் வரவேற்றுக் கூட்டி வாருங்கள். ஏற்கெனவே உட்கார்ந்தவரை எழுப்பித்தான் செய்ய வேண்டும் என்றால் அது மரியாதையில் சேராது. மூன்றாம் நூற்றாண்டில் சிரியா நாட்டுச் சபைகளுக்காக எழுதப்பட்ட ஒரு ஒழுங்குமுறை நூல் உண்டு, டிடஸ்காலியா என்று பெயர். சபை கூடியிருக்கும்போது பெரிய மனிதர் ஒருவர் உள்ளே வந்தால் ஆயர் பிரசங்கத்தை நிறுத்தி அவருக்காக எழுந்து ஓடக் கூடாது என்கிறது அது. அதே இடத்தில், ஏழை ஒருவர், அதிலும் வயதானவர், வந்து அவருக்கு இடமில்லை என்றால் ஆயரே முழுமனதோடு அவருக்கு இடம் உண்டாக்க வேண்டும், தான் தரையில் உட்கார நேர்ந்தாலும் சரி என்கிறது. அதை முதன்முதலில் படித்தபோது எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன். ஆயர் தரையில்! நாம் கோயில் கூட்டும் அக்காவை எழுப்புகிறோம்.

"அந்த அம்மாவே ஒன்றும் சொல்லவில்லை, உனக்கு ஏன்?" இந்தக் கேள்விதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது. அவர் எப்படிச் சொல்வார்? மாதச் சம்பளம் கமிட்டி கையில். எனக்கு ஆறு வயதாயிருந்தபோது என் அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா உப்பளத்தில் கூலி வேலை. அப்போது நாங்கள் இருந்தது வேறு ஊர், வேறு சபை. அசன வரி கட்ட முடியாத வருஷம் அது. வரி கட்டாதவர்களுக்குக் கடைசிப் பந்தி என்று யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அம்மா எங்களை உட்கார வைக்காமல் தூக்குவாளியை மட்டும் கொண்டுபோய், சமையல் நடந்த பந்தலுக்குப் பின்பக்கம் நின்று வாங்கி வந்தார். அந்த வாளி வீடு வந்து சேரும்போது குழம்பில் எண்ணெய் உறைந்திருக்கும். "கூட்டத்துல உங்களுக்குப் பிடிக்காதுல்லா, அதான்" என்று எங்களிடம் சொன்னார். எனக்குக் கூட்டம் பிடிக்கும். வரிசையாக உட்கார்ந்து சாப்பிட ரொம்பவே ஆசை. அம்மா அதற்குப் பிறகு நாற்பது வருஷம் உயிரோடு இருந்தார், ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒன்றும் சொல்லவில்லை என்பதற்கு வருத்தம் இல்லை என்று அர்த்தமா?

"சபை விஷயத்தைப் பொதுவில் எழுதலாமா? புறமதத்தார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?" அப்போஸ்தலர் பேதுரு அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபையின் தலைவர் யாக்கோபிடமிருந்து யூதர் சிலர் வந்ததும் பயந்து பந்தியை விட்டு விலகினார். பவுல் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்லவில்லை. எல்லோருக்கும் முன்பாக, முகத்துக்கு நேரே கேட்டார். பிறகு அதை கலாத்தியருக்கும் எழுதினார். நிருபங்கள் சபையில் சத்தமாக வாசிக்கப்பட்டவை. கொலோசெயருக்கு எழுதியதை லவோதிக்கேயா சபையிலும் வாசியுங்கள் என்று சொல்லி அனுப்பியவர் அவர். கொரிந்து சபையின் பந்திச் சண்டையை இரண்டாயிரம் வருஷமாக உலகமே வாசிக்கிறது, அதனால் சுவிசேஷம் கெட்டுப்போய்விடவில்லை.

புறமதத்தார் என்ன நினைப்பார்கள் என்று கேட்டீர்கள். பிளினி என்று ஒரு ரோம ஆளுநர் இருந்தார். ஏறக்குறைய 112-ஆம் ஆண்டில் பித்தினியாவிலிருந்து (இன்றைய துருக்கியில்) பேரரசர் திராயானுக்குக் கிறிஸ்தவர்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். இவர்கள் அதிகாலையில் கூடி கிறிஸ்துவைப் பாடுகிறார்கள், பிறகு மறுபடி கூடிச் சாப்பிடுகிறார்கள், அது சாதாரண உணவுதான் என்று விசாரணையில் தெரிந்ததாம். உண்மையைக் கறக்க இரண்டு பெண்களைச் சித்திரவதை செய்திருக்கிறார். அவர்கள் அடிமைகள். சபையிலோ ஊழியக்காரிகள். வெளியே விலைக்கு விற்கப்படுகிறவர்கள், உள்ளே பொறுப்பில் இருக்கிறவர்கள். அந்த இரண்டு பேரின் பெயர் நமக்குத் தெரியாது, ஆனால் சபைக்கு வெளியே இருந்து சபையைப் பற்றி எழுதிய மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று அவர்கள் உடம்பில் பட்ட அடியையும் சேர்த்துத்தான் நமக்கு வந்தது.

இதே பிளினி இன்னொரு கடிதத்தில் தான் போன ஒரு விருந்தைத் திட்டுகிறார். விருந்து வைத்தவன் தனக்கும் நெருங்கியவர்களுக்கும் நல்ல திராட்சரசம், சாதாரண நண்பர்களுக்கு ஒரு தரம், விடுதலையான அடிமைகளுக்கு ஒரு தரம் என்று மூன்று வகை வைத்தானாம். என் வீட்டில் எல்லோருக்கும் ஒன்றுதான் என்கிறார். கிறிஸ்தவர்களைத் தண்டித்த மனிதருக்கே தரம் பிரித்த பந்தி அருவருப்பாக இருந்திருக்கிறது. நமக்கு இருக்க வேண்டாமா?

"ஆதி சபையைப் பொற்காலமாக்காதே, அங்கேயும் காணிக்கைப் பணத்தில் பொய் சொன்ன அனனியா சப்பீராள் இருந்தார்கள்." சரி, இது நியாயமான பேச்சு, இதற்கு நான் கோபப்படவில்லை. அங்கேயும் கோளாறு இருந்தது. எருசலேமில் கிரேக்க மொழி பேசும் விதவைகளுக்கு அன்றாடச் சாப்பாட்டில் குறை வைத்தார்கள், முறுமுறுப்பு எழுந்தது. ஆனால் அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? முறுமுறுக்கிறீர்களே, விசுவாசம் இல்லையா என்று அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்து ஆட்கள் கையிலேயே பந்தி விசாரணையைக் கொடுத்தது போல இருக்கிறது. நம் அசனக் கமிட்டியில் கடைசிப் பந்தியில் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்? ஒருவர் பெயரைச் சொல்லுங்கள்.

"நீ வந்து வாளி தூக்கினாயா?" இல்லை, இந்த வருஷம் தூக்கவில்லை. முதுகுவலி. வேலை செய்த இளைஞர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, ராத்திரி முழுக்க விழித்திருந்தார்கள். ஆனால் வாளி தூக்காதவன் கேள்வி கேட்கக் கூடாது என்ற சட்டம் எப்போது வந்தது?

இது சாதி விஷயம் என்று நான் முதலில் நினைக்கவில்லை, எழுதவும் நினைக்கவில்லை. ஆனால் யோசிக்க யோசிக்க அது எங்கோ ஒளிந்துகொண்டு நிற்கிறது. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் ஒரே ஆலயத்துக்குள் இரண்டு சாதியார் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்காரச் சுவர் வைத்திருந்தார்கள், அது 1910-ல் தான் இடிந்தது. கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் 1833-லேயே சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே விட்டுவிட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதினார். அதற்காகச் சபையை விட்டே போனவர்கள் உண்டு. இன்றும் கல்லறைத் தோட்டத்தில் பிரிவினை இருக்கிற ஊர்கள் நமக்குத் தெரியாதா? ஞாயிறு அன்று எழுப்ப வேண்டியிருந்தபோது அந்த வரிசையில் இருந்த இருபது பேரில் கண் ஏன் நேராக அந்த அக்கா மேல் போய் நின்றது? எழுப்பினவரைக் கேட்டால் யோசிக்காமல் செய்துவிட்டேன் என்பார். நம்புகிறேன். யோசிக்காமலே கண் அங்கே போகிறது என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

ரொம்ப நீண்டுவிட்டது, கோபமும் கூடிவிட்டது. ஒன்று மட்டும் மறுபடி சொல்கிறேன்: ஒருவரை எழுப்பிவிட்டு நடந்த பந்தியை நாம் கர்த்தருடைய பேரில் கணக்கு வைக்க முடியாது. எத்தனை கிலோ கறி வாங்கினாலும் சரி, எத்தனை ஆயிரம் பேர் சாப்பிட்டார்கள் என்று அறிக்கை வாசித்தாலும் சரி.

திங்கள் காலை அந்த அக்காவைப் பார்த்தேன். எச்சில் இலைகளைக் குவித்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று போனவன், "சாப்பிட்டீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டேன். "சாப்ட்டேன் தம்பி, நாலாம் பந்தியில. சோறு நல்லா இருந்துச்சு" என்றார். கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிவிட்டேன்.

சேகர குருவானவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். அடுத்த அசனத்தில் முதல் பந்தி கோயில் வேலை செய்பவர்களுக்கும் வரி கட்ட முடியாதவர்களுக்கும், கமிட்டியும் நானும் கடைசிப் பந்தியில். அந்த அக்காவிடம் கமிட்டி நேரில் போய் வருத்தம் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன், அவர் முன்னாலும் சபை முன்னாலும். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடிக்கு வாருங்கள். பேனா நான் கொண்டு வருகிறேன்.