இரண்டு நிமிடம் அம்மா சிரிக்காவிட்டால் குழந்தையின் மூளை கெட்டுவிடுமா?

கைக்குழந்தை கதறி அழும் ஒரு காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "தாயின் முகம் இரண்டு நிமிடம் வாடினாலே குழந்தையின் மூளை நிரந்தரமாகப் பாதிக்கும், உளவியல் பேராசிரியர் நிரூபித்துவிட்டார், மன அழுத்தம் உள்ள தாயிடம் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்" என்கிறது கூடவே வரும் செய்தி. இது தவறு.

ஆய்வு உண்மையானதுதான். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் குழுவினர் 1978-இல் வெளியிட்டது. தாய் குழந்தையோடு கொஞ்சுகிறார். பிறகு சிறிது நேரம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்கிறார். குழந்தை கை நீட்டி, குரல் கொடுத்து அவரை அழைத்துப் பார்த்து, கடைசியில் கலங்குகிறது. சுற்றும் துண்டு இங்கே வெட்டப்பட்டிருக்கிறது. தாய் மறுபடி சிரித்துப் பேசியதும் குழந்தை தேறி வருவதுதான் மீதிக் காட்சி. முழுக் காணொளி யூடியூபில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

ட்ரோனிக் வலியுறுத்தியதே வேறு: நலமான தாயும் சேயும்கூடப் பெரும்பாலான நேரம் ஒத்திசைவில் இருப்பதில்லை, விலகிய பின் மீண்டும் சேர்வதில்தான் பிள்ளை வளர்கிறது.

நீண்டகாலம் கவனிக்கப்படாத தாயின் மன அழுத்தம் (டிப்ரஷன்) குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கும் வாய்ப்பு உண்டு. அது வாய்ப்புதான், விதி அல்ல, சிகிச்சையும் உண்டு. பிரசவித்த பெண்களில் சுமார் 13% பேருக்கு மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மன அழுத்தம், வருவதாக உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளம் சொல்கிறது. ஏற்கெனவே குற்றவுணர்வில் தவிக்கும் அவர்களைத்தான் இந்தச் செய்தி குத்துகிறது. தயவுசெய்து இதைப் பகிராதீர்கள். தாயின் மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், பிள்ளையைப் பிரிக்காதீர்கள்.