அந்த லாட்ஜ் வீடியோ பற்றி, கடைசியாக

மூன்று நாளாகப் பேசாமல்தான் இருந்தேன். பாலியல் தொழில் நடக்கிறதென்று லாட்ஜில் போலீஸ் சோதனை போட்ட வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், முழுதாக மறுபடி விவரிக்கப் போவதில்லை. அறையிலிருந்து வந்த இரண்டு ஆண்களின் முகத்தை மங்கலாக்கியிருக்கிறார்கள். துப்பட்டாவால் மூடப் பார்த்த பெண்ணிடம் மட்டும் "கையை எடும்மா" என்று ஒரு குரல். அப்புறம் கட்டில்மேல் ஆணுறைப் பாக்கெட்டுகளை வரிசையாக அடுக்கி ஒரு குளோசப், ஏதோ கள்ளத் துப்பாக்கி பிடித்த மாதிரி.

"முகத்தைக் காட்டியது தப்பு, அந்தப் பெண் குற்றவாளி இல்லை" என்று ஒரு வரி எழுதினேன். வந்த பதில்: "அக்காவுக்கு ஏனுங்க இத்தனை அக்கறை? அதே லைனுங்களா?" 'ங்க' போட்டுத்தான் கேட்டார். எங்கள் ஊர் மரியாதை எந்த நேரத்திலும் குறையாது.

சரி. குற்றவாளி இல்லை என்று நான் சொல்லவில்லை, சட்டம் சொல்கிறது. 1956ஆம் ஆண்டு விபச்சாரத் தடுப்புச் சட்டத்தில் விபச்சார விடுதி நடத்துவது குற்றம், தரகு குற்றம், பொது இடத்தில் நின்று அழைப்பது குற்றம். வயது வந்த பெண் தன் விருப்பத்தில் அந்தத் தொழில் செய்வது குற்றம் என்று எங்கேயும் இல்லை. ஆனால் கோயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரியிலிருந்து 200 மீட்டருக்குள் என்றால் மாட்டிக்கொள்வாள். திருப்பூரில் 200 மீட்டருக்குள் ஒரு பிள்ளையார்கூட இல்லாத இடம் எதுவென்று யாராவது சொல்லுங்கள். பொது இடத்தில் அழைத்தால் பெண்ணுக்கு ஆறு மாதம் வரை சிறை. அதையே ஆண் செய்தால் மூன்று மாதம் வரைதான்! அச்சடித்தே வைத்திருக்கிறார்கள்.

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவே போட்டது. சோதனையில் சிக்கிய பெண்ணின் முகத்தையோ அடையாளத்தையோ ஊடகங்கள் வெளியிடக்கூடாது. ஆணுறையைக் குற்றத்துக்குச் சாட்சியாகக் காட்டக்கூடாது. அந்த வீடியோவில் இரண்டையும் செய்திருக்கிறார்கள்.

"அப்போ லைசென்ஸ் கொடுக்கச் சொல்றீங்களா?" கேட்பீர்கள் என்று தெரியும். இல்லை. ஜெர்மனியில் 2002இல் இதைச் சட்டபூர்வமான தொழிலாக அங்கீகரித்தார்கள், 2017இல் அந்தப் பெண்கள் பதிவு செய்தாக வேண்டும் என்று இன்னொரு சட்டம் வந்தது. இங்கே அப்படிக் கொண்டுவந்தால் லைசென்ஸ் வாங்கப்போவது லாட்ஜ் முதலாளி. அவளோ விஏஓ ஆபீஸ் வரிசையில், பக்கத்து வீட்டுக்காரருக்குப் பின்னால் நிற்க வேண்டும். எனக்கு அது வேண்டாம். நியூசிலாந்தில் 2003இல் செய்ததுபோல, அவளைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுங்கள் என்கிறேன். அவ்வளவுதான்.

கடத்திக்கொண்டு வரப்படும் பெண்கள்? இந்தக் கேள்விக்கு நக்கலாகப் பதில் சொல்ல மாட்டேன், நியாயமானது. கடத்தியவனை, சிறுமியை வைத்து நடத்துகிறவனை உள்ளே தள்ளுங்கள். ஆனால் பக்கத்து அறையில் ஒரு பிள்ளையைப் பூட்டி வைத்திருப்பது முதலில் தெரிவது யாருக்கு? ஸ்டேஷனுக்குப் போனால் தன் முகமே வீடியோவில் வரும் என்றால் அவள் வாயைத் திறப்பாளா?

"உங்க வீட்டுப் பொண்ண அனுப்புவீங்களா?" மாட்டேன். சாயப்பட்டறைத் தொட்டிக்குள் இறங்கவும் அனுப்ப மாட்டேன். அதற்காக இறங்குகிறவரின் சட்டையைப் பிடிப்பேனா?

ஆனால் என்னைத் தூங்கவிடாத கமெண்ட் வேறு. "பனியன் கம்பெனிக்கு வெளியே எல்லாம் ஆட்கள் தேவைன்னு போர்டு தொங்குது, உழைச்சுச் சாப்பிடலாமே." ஒரு தங்கச்சி போட்டது. முப்பத்தியேழு லைக்.

நான் பனியன் கம்பெனியில், தைத்த துணியைச் சரிபார்க்கிற செக்கிங்கில் சேர்ந்த புதிதில் பக்கத்து டேபிளில் ஓர் அக்கா இருந்தார், தாராபுரம் பக்கம். துணியில் கத்திரி படாமல் பிசிறு வெட்ட எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அவர் கொண்டுவரும் கொள்ளுப் பருப்புக் கடைசலுக்கு மதியம் அடிதடி நடக்கும், அவருக்கே ஒரு கரண்டிதான் மிஞ்சும். உழைக்கத்தான் செய்தார். சனிக்கிழமை வாங்குகிற சம்பளம் ஆஸ்பத்திரிக் கடனுக்கு வட்டி கட்டக்கூடக் காணவில்லை. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் யாரோ அவரை யாருடனோ பார்த்ததாகப் பேச்சு வந்தது. பார்த்தவர் அந்த நேரத்தில் அங்கே என்ன செய்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் மதியம் அந்த டப்பாவை யாரும் தொடவில்லை. நானும்தான். "ஏங் கண்ணு, வேண்டாமா?" என்று கேட்டார். வயிறு சரியில்லைங்கக்கா என்றேன். நிறைந்த டப்பாவை அப்படியே மூடி எடுத்துப் போனார். அந்த வாரக் கடைசியில் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. இப்போது பதிவுகளில் பெரிய நியாயம் பேசுகிறேன், பேசுங்கள் என்னையும்.

அவருக்கு ஒரு பையன் இருந்தான், மூன்றாம் வகுப்பு. இப்போது வளர்ந்திருப்பான். தாயின் அந்தச் சம்பாத்தியம் என்று தெரிந்தே பதினெட்டு வயது தாண்டிய மகன் அதில் சாப்பிட்டால் அவனுக்கும் இரண்டு வருடம் வரை சிறை என்கிறது அதே சட்டம். இங்கே என் நட்புப் பட்டியலில்கூட அவன் இருக்கலாம். அக்கா பெயரைக் கமெண்டில் கேட்காதீர்கள்.