அங்கோபர் செரின் குறித்து

எத்தியோப்பிய மலைப் பறவைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், அங்கோபர் செரின் என்னும் சிறிய ஃபிஞ்ச் பறவை அங்கோபர் ஊரைச் சுற்றி மட்டுமே வாழ்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 1976-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, 1979-இல் பறவையியலாளர் ஜான் ஆஷ் அறிவியல் பெயரிட்டு விவரித்த காலத்தில் அது சரியாகவே இருந்தது. ஆனால் பின்னர் வடக்கே வெகு தொலைவிலுள்ள சிமியன் மலைகளிலும் இப்பறவை காணப்பட்டது என்பதையும் சேர்த்திருக்க வேண்டும்.

பின்னாளில் எத்தியோப்பியப் பேரரசரான இரண்டாம் மெனிலிக்கின் தலைநகராக ஒருகாலத்தில் விளங்கிய, ஐரோப்பியப் பயணிகளும் பறவை சேகரிப்பாளர்களும் 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்து சென்ற அங்கோபர் ஊரின் அருகில், இப்படி ஓர் உயிரினம் அத்தனை காலம் கண்ணில் படாமல் இருந்தது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. உடல் முழுவதும் கோடுகள் நிறைந்த மங்கிய பழுப்பு நிறமும், செங்குத்தான மலைச்சரிவுகளில் சிறு கூட்டங்களாகத் தரையோடு தரையாக விதை பொறுக்கும் இயல்புமே அதற்குக் காரணமாக இருக்கலாம்.

இப்பறவையின் அழிவு அபாயத்துக்கு விளைநிலப் பெருக்கத்தை மட்டும் நீங்கள் காரணம் காட்டியிருப்பது எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. மெனிலிக் காலத்தில் விறகுத் தேவைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட யூகலிப்டஸ் மரங்கள், இப்பறவை இரை தேடும் திறந்த சரிவுகளை மூடிவருவதையும், கால்நடைகளின் மிகையான மேய்ச்சலையும் விரிவாகப் பேசியிருக்கலாம். ஆயினும் அப்பகுதி மக்களுக்கு விறகுக்கு வேறு வழி ஏற்படுத்தாமல் மரங்களை மட்டும் அகற்றச் சொல்வது நியாயமாகாது.