பக்கத்து ஊர்க்காரனோட ஆடாம வேற யாரோட ஆடுறது?

புல்மன்ல இருக்கிற எங்க வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டி டீம் கூகர்ஸும், சியாட்டில்ல இருக்கிற வாஷிங்டன் யுனிவர்சிட்டி டீம் ஹஸ்கீஸும் வருஷா வருஷம் ஆடுற அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச்தான் ஆப்பிள் கப். 2025-ல அது முடிஞ்சதும் நம்ம குரூப்ல நடந்ததை எல்லாரும் பாத்தீங்க. 59-24ன்னு தோத்தோம், அதுவும் எங்க புல்மன்லயே. கிண்டல் பண்ணுங்க, வாங்கிக்கிறேன். ஆனா "இனிமே இந்த மேட்ச் எதுக்கு, இவனுங்க நம்ம லெவலே இல்ல"ன்னு ஒரு ஹஸ்கீஸ் நண்பர் போட்டதும் அதுக்கு வரிசையா லைக் விழுந்ததும்தான் தாங்கல. லெவல் இல்லையா? 2024-ல உங்க சியாட்டிலுக்கே வந்து 24-19ன்னு ஜெயிச்சுட்டுப் போனது யாரு?

அதுக்கப்புறம் என்ன ஆச்சு? பந்து வீசி ஆட்டத்தை நடத்துற எங்க குவாட்டர்பேக் மேட்டீர் ஓக்லஹோமா டீமுக்குப் போயிட்டாரு, கோச் டிக்கர்ட் வேக் ஃபாரஸ்ட் டீமுக்குப் போயிட்டாரு. ரெண்டு டீமும் இருந்த பேக் 12 கான்ஃபரன்ஸை, அதாவது ஒண்ணோட ஒண்ணு ஆடுற காலேஜ் டீம்களோட கூட்டமைப்பை, உடைச்சுட்டுப் போனா யாருதான் இருப்பாங்க? உடைச்சதும் நீங்க, இப்ப லெவல் இல்லன்னு சொல்றதும் நீங்க.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். கான்ஃபரன்ஸ்னா முதல்ல பக்கத்து பக்கத்து ஊரா இருக்கணும், அப்புறம் பலம் பாத்துப் பிரிச்சுக்கலாம். 1915-ல ஆரம்பிச்ச கான்ஃபரன்ஸ் இது, 2023 ஆகஸ்ட் 4-ம் தேதி ஒரே நாள்ல அஞ்சு டீம் கிளம்பிருச்சு, கடைசில மிஞ்சினது நாங்களும் ஆரிகன் ஸ்டேட்டும். இப்ப வாஷிங்டனும் கிழக்குக் கரைல இருக்கிற நியூ ஜெர்சி ரட்கர்ஸும் ஒரே கான்ஃபரன்ஸ். பசிபிக் பக்கம் இருக்கிற ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்ல. 1900-லேருந்து ஆடுற ஆப்பிள் கப், நவம்பர் கடைசில தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வாரத்துல நடக்க வேண்டியது, செப்டம்பர்ல ஏதோ ஒரு சனிக்கிழமைல வந்து போகுது.

"டிவி காசு இல்லாம டீம் நடத்த முடியுமா"ன்னு கேப்பீங்க. முடியாதுதான். அப்ப ஃபுட்பாலை மட்டும் கூட்டிட்டுப் போங்களேன், வாலிபால், சாஃப்ட்பால் ஆடுற பிள்ளைங்க என்ன பண்ணாங்க? நான் புல்மன்ல டிஏவா (டீச்சிங் அசிஸ்டென்ட்) இருந்தப்ப வாலிபால் டீம் பொண்ணுங்க டிராவல் லெட்டர் எடுத்துட்டு வந்து நிப்பாங்க, வியாழக்கிழமை லேப் வர முடியாதுன்னு. அப்ப போனது ஆரிகன், கலிஃபோர்னியா, அதுக்கே பஸ்லயும் ஏர்போர்ட்லயும் உக்காந்து ஹோம்வொர்க் எழுதி, கண்ணெல்லாம் சிவந்து திங்கக்கிழமை வருவாங்க. இப்ப சியாட்டில், லாஸ் ஏஞ்சலஸ் பிள்ளைங்க மூணு டைம் ஜோன் தாண்டிப் போய் ஆடிட்டு வந்து மறுநாள் கிளாஸ்ல உக்காரணும். கைவிடப்பட்ட எங்க பக்கம் பாருங்க, 2025 ஜூன்ல தடகளத்துல எறியுறது, தாண்டுறது எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. அந்தப் பிள்ளைங்களுக்கு யாரு பதில் சொல்றது?

"பலம் இல்லாத டீமை எதுக்கு சுமக்கணும்"ங்கிறது அடுத்த கேள்வி. சுமக்க வேணாம். மேற்குப் பக்கத்துக்கு ரெண்டு டிவிஷன் வைங்க, கடைசில வர்றவன் இறங்கட்டும், கீழ ஜெயிச்சவன் ஏறட்டும். நாங்க இறங்கணும்னா இறங்குறோம், ஆனா மைதானத்துல தோத்து இறங்குறோம், ஊர் சின்னது டிவி பாக்க ஆள் கம்மின்னு இல்ல. பாய்சி ஸ்டேட் எந்தப் பெரிய கான்ஃபரன்ஸ்லயும் இல்ல, ஆனா சாம்பியனை முடிவு பண்ற 2024 ப்ளேஆஃப்ல நேரா காலிறுதிக்குப் போனாங்க. பலத்தை இவங்க எங்க அளந்தாங்க?

இன்னொருத்தர் இன்பாக்ஸ்ல வந்து "இந்த ஊர் விளையாட்டுக்கு நீங்க ஏன் சார் இவ்வளவு டென்ஷன் ஆகுறீங்க"ன்னு கேட்டாரு. இது எனக்கும் ஊர்தான் சார். வந்த புதுசுல யாரையும் தெரியாது, டார்ம் எல்லாம் காலி, லேப்ல கூட இருந்தவர் தேங்க்ஸ்கிவிங்குக்கு அவங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அப்பா கூகர்ஸ், அம்மா ஹஸ்கீஸ், சாப்பாட்டு மேசைல ஆப்பிள் கப்னால பெரிய சண்டை. எனக்கு ரூல் ஒண்ணும் புரியல, ஆனா அந்த அப்பா எனக்கு ஒரு கூகர்ஸ் தொப்பியை மாட்டிவிட்டு "நீ இனிமே எங்க ஆளு"ன்னாரு. இந்த நாட்டுல என்னை முதல்ல எங்க ஆளுன்னு சொன்னவர் அவர்தான். அதை ஒரு டிவி கான்ட்ராக்ட் தூக்கிப் போட்டா எனக்கு வலிக்காதா? ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் கான்ஃபரன்ஸ் பிரிஞ்சதுல இப்ப ஆடுறதே இல்ல, அங்கயும் இப்படி எத்தனை வீடு இருக்கும்.

டெக்சஸும் டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் 2011-க்கப்புறம் ஆடாம கிடந்து 2024-ல திரும்ப ஆடினாங்க, ஆக மனசு வச்சா முடியும். 2026-ல பாய்சி, ஃப்ரெஸ்னோ எல்லாம் எங்களோட பேக் 12-ல சேர்றாங்க, ஸ்போக்கேன்ல இருக்கிற காண்ஸாகாவும் வருது, ஸ்போக்கேன் புல்மன்லேருந்து ரெண்டு மணி நேரம் கூட ஆகாது. பாய்சி புல்மன் வர்ற அன்னைக்கு நான் சியாட்டில்லேருந்து கார் எடுக்கிறேன். மூணு சீட் இருக்கு, வேணுங்கிறவங்க கமென்ட்ல சொல்லுங்க, ஹஸ்கீஸ் ஆளுங்களும் வரலாம்.