குற்றப்பத்திரிகைக்கும் கூண்டுக்கும் நடுவில் யார் இருக்கிறார்கள்?

குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் துணையாக இருப்பதுதான் என் வேலை. இதைச் சொன்னதும் "வக்கீலா?" என்பார்கள், இல்லையென்றால் "கவுன்சலிங்கா?" என்பார்கள். இரண்டும் இல்லை. சம்மன் வந்தவருக்கு அதில் எழுதியிருப்பதை விளக்குவேன். வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று விசாரித்துச் சொல்வேன். சாட்சி சொல்லும் நாளில் கூடவே போய், எதிரித் தரப்பு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் பக்கத்து ஆட்களின் கண்ணில் படாத இடமாகப் பார்த்து உட்காரவைப்பேன். இழப்பீட்டு மனு எழுத, சாட்சிக்கான பயணப்படியைக் கேட்டு வாங்க, மருத்துவரைப் பார்க்க, பிள்ளையின் பள்ளியில் பேச என்று எங்கே ஆள் தேவையோ அங்கே இருப்பேன்.

இத்தனை காலம் இதைச் செய்தபின் எனக்கு உறுதியாகத் தோன்றுவது இதுதான்: நம் சட்டங்கள் சாட்சிக்குக் கொடுத்திருக்கும் உரிமைகள் குறைவில்லை. அவற்றைக் கொண்டுபோய் அந்த மனிதரிடம் சேர்ப்பது யாருடைய பொறுப்பு என்பதைத்தான் யாரும் முடிவு செய்யவில்லை. ஒவ்வொரு குற்றவியல் நீதிமன்றத்திலும் இதற்கென்றே சம்பளம் வாங்கும் ஒருவர் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்கிறேன். தொண்டு நிறுவனத்தின் தயவில் இது நடக்கக் கூடாது.

வழக்கு எப்படி நகர்கிறது என்று பாருங்கள். புகார் கொடுத்த புதிதில் காவல் நிலையத்திலிருந்து அடிக்கடி கூப்பிடுவார்கள். வாக்குமூலம், மருத்துவப் பரிசோதனை, மாஜிஸ்திரேட் முன்னால் இன்னொரு வாக்குமூலம் என்று அலைச்சல் ஓயாது. குற்றப்பத்திரிகை தாக்கலானதும் எல்லாம் அடங்கிவிடும். விசாரணை அதிகாரி அடுத்த வழக்குக்குப் போயிருப்பார், பல சமயம் வேறு ஊருக்கே மாற்றலாகியிருப்பார். அரசு வழக்கறிஞர் அரசுக்காக வாதாடுபவர். அவர் மேசையில் அன்றைக்கே எத்தனையோ கட்டுகள் காத்திருக்கும். மாதங்கள் ஓடும், சில வழக்குகளில் வருடங்கள் ஓடும். அப்புறம் ஒரு நாள் காவலர் ஒருவர் சம்மனோடு வாசலில் நிற்பார்.

இந்த இடைவெளியில் சாட்சியிடம் யாருமே பேசவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். எதிரியின் உறவினர்கள் பேசியிருப்பார்கள். ஊர்ப் பெரியவர், கட்சிக்காரர், பழைய முதலாளி என்று யார் யாரோ வந்து உட்கார்ந்து, "நடந்தது நடந்துபோச்சு, பிள்ளையோட எதிர்காலத்தைப் பாரு" என்று நல்லவிதமாகவே சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். வழக்கை நடத்தும் அரசின் பக்கமிருந்து ஒருவரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

அதற்குப் பிறகு அவர் கூண்டில் ஏறி "எனக்கு எதுவும் தெரியாது" என்றால், பிறழ் சாட்சி என்று குறித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார்கள். வெளியே நிற்பவர்கள் காசு வாங்கிவிட்டார் என்கிறார்கள். காசு வாங்குபவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நான் அருகிலிருந்து பார்த்தவர்களில் பெரும்பாலோர் பயந்தும் சலித்தும் போனவர்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, சாயங்காலம் வரை நின்று, "இன்னைக்கு இல்லை, போங்க" என்று கேட்டுத் திரும்பியவர்கள். இது போதும் என்று ஒரு கட்டத்தில் அவர்கள் முடிவெடுப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டு சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே சாட்சிகள் படும் பாட்டை விரிவாக எழுதியிருக்கிறது. தொலைவிலிருந்து வந்து நாள் முழுக்கக் காத்திருந்து, வழக்கு தள்ளிவைக்கப்பட்டதைத் தெரிந்துகொண்டு திரும்புகிறார்கள், உட்கார இடமோ குடிக்கத் தண்ணீரோ இல்லை என்று நீதிபதிகள் வருத்தப்பட்டார்கள். சாட்சி வந்திருக்கும் நாளில் அவரை விசாரிக்காமல் வழக்கைத் தள்ளிவைக்கக் கூடாது, தள்ளிவைத்தால் சிறப்புக் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு சொன்னது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதுவே 346ஆம் பிரிவு. இருந்தும் "சாட்சி வந்திருக்கிறார் ஐயா, இன்றைக்கே விசாரித்துவிடுங்கள்" என்று எழுந்து நினைவூட்ட அங்கே யார் இருக்கிறார்கள்? சாட்சிக்கு அந்தப் பிரிவு தெரியாது. தெரிந்தாலும் நீதிமன்றத்தில் வாய் திறக்கத் துணிச்சல் வராது.

காத்திருக்கும் அந்த வராந்தாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜாமீனில் வெளியே வந்த எதிரியும் அங்கேதான் நிற்பார். அவருடைய அண்ணன், தம்பி, நண்பர்கள் எல்லோரும் அங்கேதான். ஒருவரும் மிரட்ட மாட்டார்கள். மிரட்டினால் புகார் கொடுக்கலாம். சும்மா பார்ப்பார்கள், பக்கத்தில் வந்து நிற்பார்கள். பாதிக்கப்பட்ட பெண்ணின் அம்மாவிடம் வந்து "நல்லா இருக்கீங்களா அக்கா?" என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்வியில் அந்த அம்மாவின் கை நடுங்கத் தொடங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இதை எந்தச் சட்டப் பிரிவின் கீழும் கொண்டுவர முடியாது. தனியாக ஓர் அறையும், அதன் வாசலில் ஓர் ஆளும் இருந்தால் தடுத்துவிடலாம். எளிதில் அச்சுறும் சாட்சிகள் சாட்சியம் அளிப்பதற்கான தனி மையங்களை எல்லா இடங்களிலும் அமைக்கச் சொல்லி 2022 ஜனவரியில் ஸ்மிருதி துக்காராம் படாடே வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் கட்டடம் கட்டினால் மட்டும் போதாது. அங்கே அழைத்துப்போகும், கதவைத் திறந்துவிடும், உள்ளே என்ன நடக்கும் என்று முந்தைய நாளே சொல்லிவைக்கும் மனிதர் வேண்டும்.

இந்த வேலையைச் சந்தேகத்தோடு பார்க்கும் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். சாட்சிக்குச் சொல்லிக்கொடுத்து விடுவார்கள் என்பது அவர்கள் வாதம். அந்தக் கவலை நியாயமானது, அதனால் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். "என்ன சொல்லணும்னு சொல்லிக்கொடுங்க மேடம்" என்று ஏறக்குறைய எல்லோரும் கேட்பார்கள். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டேன். சம்பவத்தைப் பற்றி நானாகக் கேட்பதே இல்லை. நீதிபதி எங்கே உட்காருவார், யார் முதலில் கேட்பார், குறுக்கு விசாரணை என்றால் என்ன, அதில் ஒரே கேள்வி ஏன் திரும்பத் திரும்ப வரும் என்று விளக்குவேன். கேள்வி புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லலாம், ஞாபகம் இல்லை என்றால் ஞாபகம் இல்லை என்றே சொல்லலாம், தண்ணீர் கேட்கலாம், அழுகை வந்தால் கொஞ்சம் நேரம் கேட்கலாம். பல பேருக்கு இது பெரிய செய்தி. தெரியாது என்று சொன்னால் தண்டனை கிடைக்கும் என்று நம்பிக்கொண்டே கூண்டில் ஏறுகிறார்கள், அந்தப் பயத்தில் எதையாவது சொல்லிவைக்கிறார்கள், அது முரண்பாடாகிறது. பயமில்லாத சாட்சி உண்மைக்கு அருகில் நிற்பார். அது எதிரித் தரப்புக்கும் நல்லதுதான். பொய் வழக்கில் மாட்டியவருக்கும் பயப்படாமல் வந்து பேசும் சாட்சி தேவை, அவருக்காக வரும் சாட்சிக்கும் இதே உதவி கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து.

குழந்தைகள் வழக்கில் மட்டும் சட்டம் இந்தத் துணையைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012இல் வந்த போக்சோ சட்டப்படி, நீதிமன்றம் வழக்கை ஏற்ற 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும், கூடிய வரையில் ஒரு வருடத்துக்குள் வழக்கை முடிக்க வேண்டும். குழந்தையைத் திரும்பத் திரும்ப நீதிமன்றத்துக்கு வரவழைக்கக் கூடாது. அந்தச் சட்டத்தின் 2020 விதிகளின்படி குழந்தைகள் நலக் குழு ஓர் ஆதரவு நபரை நியமிக்கலாம். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. ஆதரவு நபர் வேண்டுமா என்பதைப் பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது என்றது, அவர்களின் கல்வித் தகுதிக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற ஊதியம் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. இந்த இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இந்தத் துறையில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு திட்டத்தின் நிதியில் வேலை செய்பவர்கள். நிதி நின்றால் ஆள் மாறும். ஒரு குழந்தை தயங்கித் தயங்கி ஒருவரை நம்பத் தொடங்கும்போது அந்த ஆள் மாறுவது என்ன மாதிரியான காயம் என்று யோசித்துப் பாருங்கள்.

பதினெட்டு வயதைத் தாண்டியவர்கள் நிலைமை இன்னும் மோசம். கணவர் கொலையானதைக் கண்ணால் பார்த்த பெண்ணுக்குக் குழந்தைகள் நலக் குழு இல்லை. பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் வழக்காக இருந்தால் 15ஏ பிரிவு கைகொடுக்கும். 2015 திருத்தத்தில் வந்த அந்தப் பிரிவு, பாதுகாப்பு முதல் பயணச் செலவு வரை பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. மற்றவர்களுக்கு 2018 சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்குச் சட்டத்தின் வலுவைக் கொடுத்தது. ஒவ்வொரு மாநிலமும் இப்படி ஒரு திட்டத்தை அறிவிக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 398ஆம் பிரிவும் சொல்கிறது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு கொடுத்தால், காவல்துறை ஐந்து வேலை நாள்களில் அச்சுறுத்தல் பற்றிய அறிக்கை தர வேண்டும். சாட்சியம் அளிக்கும்போது ஆதரவு நபர் ஒருவர் உடனிருக்கவும் அந்தத் திட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் மிரட்டலுக்குப் பயந்து வீட்டுக்குள் முடங்கியிருப்பவர் இந்தக் குழு எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, படிவம் நிரப்பி, மாவட்ட அரசு வழக்குத் துறைத் தலைவர் வழியாக மனு போட வேண்டும். கூட நடக்க ஓர் ஆள் இல்லாமல் இது எப்படி முடியும்?

வெளிநாடுகளில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1974இலேயே பாதிக்கப்பட்டவர்களுக்கான ஆதரவு அமைப்பு தொடங்கிவிட்டது. அமெரிக்கா 1984இல் ஒரு சட்டம் போட்டு, குற்றவாளிகள் கட்டும் அபராதத்திலிருந்தே இதற்கு நிதி ஒதுக்கியது. ஐ.நா. பொதுச்சபை 1985இல் பிரகடனமே வெளியிட்டது. இந்த யோசனை யாருக்கும் புதிதல்ல.

உங்களில் யாருக்காவது சம்மன் வந்திருந்தால் சில விஷயங்களை மனதில் வையுங்கள். சம்மனில் இருக்கும் வழக்கு எண்ணைக் குறித்துக்கொண்டு, முந்தைய நாளே அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் விசாரியுங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். யாராவது மிரட்டினால் நாள், நேரம், எண்ணோடு எழுதிவைத்து அரசு வழக்கறிஞரிடம் அன்றே சொல்லுங்கள். பொய் சாட்சி சொல்லச் சொல்லி மிரட்டுவது தனிக் குற்றம். காயமோ இழப்போ இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீட்டு மனு கொடுக்கலாம், குற்றவாளி யார் என்று தெரியாத வழக்கிலும் கொடுக்கலாம். அவர்கள் இரண்டு மாதத்தில் விசாரணையை முடிக்க வேண்டும். சாட்சி சொல்லி முடித்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். பயணப்படி தர உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பஸ் டிக்கெட்டைக் காட்டி பெஞ்ச் கிளார்க்கிடம் கேளுங்கள்.