வேக்ஸ்கேட்டில் காலைக் கட்டுவதில்லை

பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் வேக்ஸ்கேட் (கயிறு இழுக்க, பலகை மேல் நின்று தண்ணீரில் சறுக்கும் விளையாட்டு) விட்டால் எப்படி இருக்கும் என்ற பேச்சில், ‘அந்தப் பலகையில் இரண்டு காலையும் பூட்டிவிடுவார்கள், விழுந்தால் கழற்ற முடியாது’ என்று ஒரு கருத்து படத்தோடு வந்திருக்கிறது. பயம் நியாயமானதுதாங்க. ஆனால் படத்தில் இருப்பது வேக்போர்டு என்ற வேறொரு சறுக்குப் பலகை. அதில்தான் பூட்ஸைப் பலகையோடு திருகி வைத்திருப்பார்கள்.

வேக்ஸ்கேட்டில் பூட்ஸும் இல்லை, பட்டையும் இல்லை. படகோ கேபிளோ விஞ்சோ (கயிற்றைச் சுற்றி இழுக்கும் இயந்திரம்) இழுக்கும் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சாதாரண ஷூ போட்டு பலகை மேல் நிற்க வேண்டியதுதான். வழுக்காமல் இருக்க மேலே சொரசொரப்பான கிரிப் டேப்போ ஃபோமோ ஒட்டியிருக்கும். விழுந்தால் ஆள் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். அந்தப் பலகை வந்து இடிக்கலாம் என்பது வேறு விஷயம். லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் இதற்கும் வேண்டும்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். யூடியூபில் ‘வேக்ஸ்கேட் கிக்ஃபிளிப்’ என்று தேடி, வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். ஆள் அந்தரத்தில் இருக்கும்போதே பலகை காலுக்குக் கீழே ஒரு சுற்று சுற்றும். காலோடு பூட்டியிருந்தால் அது எப்படிச் சுற்றும்? அப்புறம், விற்பனைத் தளங்களில் இரண்டு பலகைகளின் மேல்பக்கப் படத்தையும் பாருங்கள். வேக்போர்டில் பூட்ஸ் மாட்டும் திருகுத் துளைகள் தெரியும், வேக்ஸ்கேட்டில் இருக்காது.